பீரங்கிக்குப் பக்கத்தில் தராசு: பாய்க்கப்பல் விளையாட்டில் தொழிலும் வணிகமும் வந்த பிறகு

நாங்கள் விளையாடும் பாய்க்கப்பல் விளையாட்டில் சண்டைக்குக் குறை சொல்ல முடியாது. காற்று எந்தப் பக்கம், எதிரி எந்தப் பக்கம், போடவேண்டிய குண்டு எது என்று பார்த்து ஆடினால் சின்னக் கப்பல்கூடப் பெரிய கப்பலை மடக்கிவிடும். பாய்மரத்தையும் கயிறுகளையும் அறுக்கச் சங்கிலிக் குண்டு, மேல்தளத்தில் நிற்கும் ஆட்களைச் சாய்க்கச் சிறுகுண்டுக் கொத்து, கப்பலின் பக்கத்தைப் பிளக்க உருண்டைக் குண்டு. எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது. சிக்கல் சண்டை முடிந்த பிறகுதான். ஜெயித்தவர் அடுத்த ஆட்டத்துக்குப் புதுக் கப்பலோடு வருவார். தோற்றவரும் புதுக் கப்பலோடுதான் வருவார். யாருக்கும் நஷ்டம் கிடையாது, அதனால் யாருக்கும் பயமும் கிடையாது. கொஞ்ச நாளில் சலித்துவிட்டது.

இதன்மேல் தொழிலையும் வணிகத்தையும் ஏற்றி ஒரு மோட் (விளையாடுகிறவர்களே எழுதிச் சேர்க்கும் மாற்றம்) எழுதியவர்கள் எங்கள் கூட்டத்திலேயே இரண்டு பேர். ஒருவர் பாளையங்கோட்டையில் கணினிப் பாடம் எடுக்கும் சார். இன்னொருவர் தூத்துக்குடியில் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்க்கும் அவருடைய மச்சான். சாருக்கு வரலாறு சரியாக இருக்க வேண்டும், மச்சானுக்குக் கணக்கு சரியாக இருக்க வேண்டும். இந்த இழுபறியில்தான் மோட் வளர்ந்தது. வெளியே விடவில்லை, நெல்லை, தூத்துக்குடி, காயல்பட்டினம், உடன்குடிப் பக்கத்து ஆட்கள் சனிக்கிழமை ராத்திரி கடை அடைத்தபின் சேர்ந்து விளையாடுகிறோம். முதல் பதிப்பிலிருந்து இன்றுவரை விடாமல் விளையாடுகிறவன் என்பதால் எது நின்றது, எது படுத்தது என்று சொல்லலாம் என நினைக்கிறேன். இதே மாதிரி ஏதாவது செய்ய நினைக்கும் வேறு ஊர்க்காரர்களுக்கு உதவும்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்னொரு ஆளுக்கு நம்மிடம் காரியம் இருக்கும்படி அமைந்த தொழில்கள் மட்டும்தான் இந்த மோட்டில் பிழைத்தன. புள்ளி சேர்த்துப் படியேறுவதற்காக வைத்த தொழில்களை இப்போது சீந்த ஆளில்லை.

வணிகம் உள்ள கப்பல் விளையாட்டு ஒன்றும் புதிதில்லை. சிட் மையரின் பைரேட்ஸ் 1987இலேயே ஊர் ஊராகச் சரக்கு வாங்கி விற்க விட்டது. 2008இல் வந்த பைரேட்ஸ் ஆஃப் தி பர்னிங் சீ விளையாட்டில் கப்பல்களையே விளையாடுகிறவர்கள் கட்டி விற்றார்கள். நேவல் ஆக்‌ஷனில் எந்த மரத்தில் கட்டுகிறோம் என்பதைப் பொறுத்துக் கப்பலின் வேகமும் வலுவும் மாறும். மூன்றுமே கரீபியன் கடல். வாசலில் இவ்வளவு கடல் கிடக்க, ஜமைக்காவில் சர்க்கரை வாங்கி எதற்கு விற்க வேண்டும் என்று சார் கேட்டார். நியாயம்தான்.

அதனால் மோட்டின் வரைபடம் கொச்சியிலிருந்து மதராஸ் வரை, நடுவில் இலங்கை. தொடங்கும் வருஷம் 1782. அந்த வருஷத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் நம் கரையோரமும் இலங்கையோரமுமாக ஐந்து முறை மோதிக்கொண்டார்கள்: 1782 பிப்ரவரியில் சதுரங்கப்பட்டினம், ஏப்ரலில் இலங்கையின் கிழக்குக் கரை, ஜூலையில் நாகப்பட்டினம், செப்டம்பரில் திருகோணமலை, 1783 ஜூனில் கடலூர். இவ்வளவு அடித்துக்கொண்டும் இரண்டு பக்கமும் ஒரு பெரிய போர்க்கப்பல்கூடப் பிடிபடவில்லை. பாய்மரம் முறிந்தது, பாய் கிழிந்தது, ஆட்கள் செத்தார்கள். யார் சீக்கிரம் பழுது பார்த்துத் திரும்பி வருகிறார் என்பதில்தான் விஷயமே இருந்தது. ஹியூஸுக்குப் பின்னால் பம்பாயின் கப்பல் கட்டும் தளம் இருந்தது. சுஃப்ரனுக்கு அப்படி எதுவும் இல்லை. சின்னக் கப்பல்களின் பாய்மரங்களைப் பிடுங்கிப் பெரிய கப்பல்களில் நட்டுத்தான் காலம் தள்ளினார். தொழிலும் சரக்கும் சண்டையைத் தீர்மானிக்கும் ஒரு விளையாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வருஷம் கிடைக்காது.

இப்போது தொழில்கள். சந்தேகமில்லாமல் முதல் இடம் தோணித் தண்டலுக்கு, அதாவது தோணியை ஓட்டும் தலைவருக்கு. மோட் தொடங்கியபோது யாரும் இதை எடுக்கவில்லை. பீரங்கி கிடையாது, வேகம் கிடையாது, பார்க்கவும் அழகில்லை. ஆனால் மன்னார் வளைகுடாவின் ஆழத்தைச் சார் ஒழுங்காக வரைந்திருந்தார். 74 பீரங்கிக் கப்பலுக்குச் சுமார் 20 அடி ஆழம் வேண்டும். ராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் மணல் திட்டுகள். பாம்பன் வாய்க்காலை ஆழப்படுத்தியதே 19ஆம் நூற்றாண்டில்தான். ஆக, பெரிய கப்பல் தூத்துக்குடியிலிருந்து நாகப்பட்டினம் போக வேண்டுமென்றால் இலங்கையையே சுற்றியாக வேண்டும். தோணி உள்ளே புகுந்து போய்விடும். தூத்துக்குடிக்கே வந்தாலும் பெரிய கப்பல் கரைக்கு வர முடியாது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், சரக்கைத் தோணிதான் ஏற்றி இறக்க வேண்டும். ஆழ்கடல் துறைமுகம் வந்தது 1970களில். அதுவரை நிஜத்திலும் அப்படித்தான்.

இதை முதலில் புரிந்துகொண்டவர் மச்சானின் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு தூத்துக்குடிக்காரர். சத்தமில்லாமல் தோணிகளை வாங்கிப்போட்டார். ஒரு சனிக்கிழமை மேலப்பாளையத்துத் தம்பி ஒருவர் 74 பீரங்கிக் கப்பலில் வங்காளத்து வெடியுப்போடு வந்து நின்றார். ஹெட்போனில் கேட்ட பேரம் இது:

"அண்ணே, சரக்கு இறக்கணும். தோணி அனுப்புங்க."

"அனுப்பலாம். வாடை எப்படித் தூக்குது பாத்தியளா? கூலி ரெண்டு மடங்கு."

"போன வாரம் இதுல பாதிதானே வாங்குனிய?"

"போன வாரம் காத்து இல்லல்லா?"

கடலில் எல்லோரையும் மிரட்டுகிற கப்பல் தோணிக்காரரிடம் கெஞ்சிக்கொண்டு நிற்பதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். கூலி அதிகம் என்று கோபப்பட்டுத் தோணியைச் சுட்டால் அடுத்த முறை எந்தத் தோணியும் வராது. இதற்கென்று மோட்டில் விதி எதுவும் எழுதவில்லை. ஆழம் குறைவு என்ற ஒரே ஒரு உண்மையை வைத்தார்கள், மற்றதை ஆட்களே பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்தது பருவம். விளையாட்டில் ஒரு மாதம் என்பது நமக்கு ஒரு வாரம். ஆடியில் தென்மேற்குக் காற்று முதுகில் அடிக்க, கடலூரிலிருந்து மதராஸுக்கு ஒரே ஓட்டம். கார்த்திகையில் அதே வழி நரகம்: வடகிழக்குக் காற்று முகத்தில் அடிக்கும், நீரோட்டம் தெற்கே இழுக்கும். குறுக்குப் பாய் கட்டிய கப்பல் காற்று வரும் திசைக்குச் சுமார் 67 பாகையைவிட நெருங்க முடியாது என்பதால் இடமும் வலமுமாக அலைந்தே ஏற வேண்டும். நீளவாட்டில் பாய் கட்டிய சின்னக் கலங்கள் இன்னும் நெருங்கிப் போகும். சண்டை மட்டும் இருந்த காலத்தில் இந்த வித்தியாசம் ஒரு தந்திரம், அவ்வளவே. வணிகம் வந்தபின் அது விலையாக மாறிவிட்டது. ஐப்பசி பிறந்ததும் சோழமண்டலக் கரையில் நங்கூரத்தில் நிற்கும் கப்பல்களுக்குச் சேதம் ஏறத் தொடங்கும். பாதுகாப்பான இடம் திருகோணமலைதான். அந்தக் காலத்துக் கடற்படைகளே அக்டோபரில் இந்தக் கரையை விட்டு ஓடின. 1782இல் சுஃப்ரன் திருகோணமலையைக் கையில் வைத்திருந்தும் மழைக்காலம் கழிக்கச் சுமத்ராவின் அச்சே வரை போனார். ஹியூஸ் பம்பாய்க்குப் போனார். அதே அக்டோபரில் மதராஸ் கரையில் அடித்த புயலில் அரிசி ஏற்றி வந்த கலங்கள் பல உடைந்தன. ஹைதர் அலியின் படையெடுப்பால் ஏற்கெனவே பஞ்சத்தில் இருந்த ஊர் அது. மோட்டில் இந்தப் புயல் ஒரு நிகழ்வாக வருகிறது. என்றைக்கு என்று தெரியாது. புரட்டாசி கடைசியில் அரிசியோடு மதராஸுக்குள் நுழைபவருக்குக் கொள்ளை லாபம், ஒரு வாரம் பிந்தினால் கப்பலே இல்லை. நான் விளையாடியதிலேயே கை நடுங்கிய தருணங்கள் பீரங்கிச் சண்டையில் வரவில்லை, இந்த அரிசி ஓட்டத்தில்தான் வந்தன.

விலை விஷயத்துக்கு வருவோம். முதல் பதிப்பில் ஒவ்வொரு ஊருக்கும் நிலையான விலைப் பட்டியல். திருநெல்வேலிச் சீமைத் துணியைத் தூத்துக்குடியில் வாங்கிக் கொழும்பில் விற்கலாம். அங்கே பாக்கு வாங்கி இங்கே விற்கலாம். சுமார் 150 கடல் மைல். போ, வா, போ, வா. எல்லோரும் அதையே செய்தார்கள். எல்லோரும் பணக்காரர்கள் ஆனார்கள். எல்லோரிடமும் பணம் இருந்ததால் கப்பல் விலை கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது, புதிதாக வந்தவர் ஒரு படகுகூட வாங்க முடியவில்லை. கணினி நடத்தும் ஊர்க்கடைகள் எவ்வளவு துணி கொண்டுபோனாலும் வாங்கிக்கொண்டே இருந்ததுதான் கோளாறு. பணம் உள்ளே கொட்டுகிறது, வெளியே போக வழியில்லை.

மச்சான் இதைச் சரிசெய்த விதம் எனக்குப் பிடித்தது. விற்க விற்க ஊரின் தேவை குறையும், பல வாரம் கழித்தே ஏறும். மாலுமிகளுக்குச் சம்பளம், கயிற்றுக்கும் பாய்க்கும் தேய்மானம், அடிப்பலகையைப் புழு அரிக்காமல் இருக்கச் செப்புத் தகடு என்று பணம் வெளியேற ஓட்டைகள் போட்டார். மூழ்கிய கப்பல் மூழ்கியதுதான், திரும்பி வராது. இந்தக் கடைசி மாற்றத்துக்குத்தான் எதிர்ப்பு அதிகம். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். ஒருவர் திரும்பி வந்தார்.

ஆனால் இதையெல்லாம் விடப் பெரிய மாற்றம் வேறு. எல்லா ஊர் விலையையும் ஒரே இடத்தில் காட்டும் பலகையை எடுத்துவிட்டார்கள். ஓர் ஊரின் விலை, கடைசியாக அங்கே போனபோது இருந்ததுதான் உங்களுக்குத் தெரியும். புதிய விலை வேண்டுமென்றால் அங்கிருந்து வரும் கப்பலிடம் கேட்க வேண்டும். இதில்தான் தரகர் என்ற தொழிலுக்கே உயிர் வந்தது. காயல்பட்டினத்திலிருந்து விளையாடும் ஒருவர் கப்பலே வைத்துக்கொள்ளாமல், வருகிறவர் போகிறவரிடம் விலை கேட்டு அதை விற்றே வாழ்ந்தார்.

அப்புறம் வாட்ஸ்அப் குரூப் ஒன்று முளைத்தது. கொழும்பில் பாக்கு என்ன விலை என்று கேட்டால் அரை நிமிஷத்தில் பதில். மோட் எழுதிய இருவருக்கும் தலைவலி. குரூப்பில் விலை போடக் கூடாது என்று விதி போட்டார்கள். யார் கேட்டார்கள்? தனித்தனியாகச் சொல்லிக்கொண்டார்கள். இந்தச் சிக்கலைத் தீர்த்தது எந்த அப்டேட்டும் இல்லை. உடன்குடிக்காரர் ஒருவர் குரூப்பில் தாராளமாகப் பொய் விலை போடத் தொடங்கினார். இலங்கையின் காலித் துறைமுகத்தில் கருப்பட்டிக்குத் தங்க விலை என்று படித்துவிட்டு நாலு பேர் மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு போனார்கள். இந்தப் பக்கம் தூத்துக்குடியில் தட்டுப்பாடு வந்ததும் அவர் வைத்திருந்த சரக்கை நிதானமாக விற்றார். (மோட்டில் கருப்பட்டி மழைக்காலத்தில் கசிந்து எடை குறையும் என்பதையும் அவர்தான் வற்புறுத்திச் சேர்க்க வைத்தார். எப்போது விற்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா?) அதிலிருந்து குரூப்பில் வரும் விலையை யாரும் அப்படியே நம்புவதில்லை. தரகருக்குப் பிழைப்பு திரும்பியது. அவர் சொன்ன விலை இதுவரை பொய்த்ததில்லை, அந்த நம்பிக்கைக்குத்தான் அவருக்குக் காசு.

உண்டியல் முறையும் இதே மாதிரிதான். பணம் ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்குத் தானாகப் பறக்காது. பெட்டியில் வைத்துக் கப்பலில்தான் போக வேண்டும், வழியில் கொள்ளையர்கள். அதற்கு மாற்றாகக் கொழும்பில் ஒருவரிடம் பணம் கட்டிச் சீட்டு வாங்கி, தூத்துக்குடியில் அவருடைய ஆளிடம் காட்டிப் பணம் பெறலாம். இந்தப் பக்கத்து வணிகர்கள் காலங்காலமாகச் செய்ததுதான். சீட்டுக்கு மோட் எந்த உத்தரவாதமும் தருவதில்லை. ஒரு முறை ஒருவர் எழுதிய சீட்டு திரும்பிவிட்டது. துணியில் போட்ட பணம் வரும் முன்பே இன்னொரு சரக்கில் போட்டு மாட்டிக்கொண்டார். சண்டை போடவில்லை, யாரும் திட்டவும் இல்லை. ஆனால் அவர் சீட்டை ஒரு துறையிலும் யாரும் வாங்கவில்லை. ரொக்கத்தைக் கப்பலில் வைத்துக்கொண்டு அலைந்தார். அது தெரிந்ததும் கொள்ளையர்கள் மோப்பம் பிடித்தார்கள். பெயரைத் திரும்ப எடுக்க அவருக்கு விளையாட்டு வருஷம் ஒன்று முழுசாக ஆனது.

முத்துக்குளிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், மோட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு வருஷா வருஷம் நடந்ததில்லை. பார்களில், அதாவது சிப்பி வளரும் கடலடித் திட்டுகளில், சிப்பி முற்றியிருக்கிறதா என்று பார்த்த பிறகே அறிவிப்பார்கள். சில காலம் தொடர்ந்து பல வருஷம் ஒன்றுமே இருக்காது. மோட்டிலும் அப்படியே. எப்போது வரும் என்று தெரியாது. வந்தால் கரையில் ஒரு தற்காலிக ஊரே எழும்பும். கல்லைக் காலில் கோத்துக்கொண்டு மூச்சடக்கி இறங்குபவர்கள், சுறா வராமல் மந்திரம் போடும் கடல்கட்டி, கடை போடுபவர்கள், காவல் கப்பல் நடத்துபவர்கள் என்று அத்தனை தொழிலுக்கும் வேலை. கடல்கட்டியைத் தொழிலாக எடுத்தவர் எங்கள் கூட்டத்தில் ஒரே ஒருவர்தான். அவர் மந்திரம் போட்டால் உண்மையில் ஏதாவது நடக்கிறதா என்பதை மோட் எழுதியவர்கள் இன்றுவரை சொல்லவில்லை. ஆனால் அவர் இல்லாமல் முத்துக்குளிப்பவர்கள் தண்ணீரில் இறங்குவதில்லை, அது விதி. ஆகவே அவர் சொன்னதுதான் கூலி.

சிப்பிகளைத் திறக்காமலே ஏலம் விடுவார்கள். ஆங்கிலேயர் ஆட்சியில், 19ஆம் நூற்றாண்டில், ஆயிரம் ஆயிரமாக எண்ணி இப்படி ஏலம் விட்டார்கள். மோட் அந்த வழக்கத்தை 1782க்கு இழுத்துக்கொண்டது. சாருக்கு இதில் இன்னும் மனவருத்தம் உண்டு. எனக்கு இல்லை, விளையாட்டுக்கு இதைவிட நல்ல பொருள் கிடையாது. வாங்கிய குவியல் அழுகிக் காய்ந்தபின்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். அதுவரை குவியலை அப்படியே இன்னொருவருக்கு விற்கலாம். ஒரு முத்துக்குளிப்பில் ஒரே குவியல் கைமாறிக் கைமாறி விலை ஏறிக்கொண்டே போனது. முதல் குவியலில் நல்ல முத்து வந்தது என்று ஒரு வதந்தி, அவ்வளவுதான் காரணம். கடைசியில் வாங்கியவர் சங்கரன்கோவிலிலிருந்து விளையாடும் ஒருவர், கடலையே வருஷத்துக்கு ஒரு தடவை பார்ப்பவர். திறந்தால் தூள் முத்து கொஞ்சம். "கிரிக்கெட் மேட்ச் பாக்காம இதுக்காகவாலே உக்காந்திருந்தேன்" என்று அவர் கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை, எல்லோரும் லாபக் கணக்கில் இருந்தார்கள்.

தோற்ற தொழில்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வைத்தியர் தொழில் சுத்தமாகப் படுத்துவிட்டது. கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் 1747இல் எலுமிச்சையும் ஆரஞ்சும் கொடுத்து, பழமும் காய்கறியும் இல்லாமல் மாலுமிகளுக்கு வரும் ஸ்கர்வி நோயைச் சோதித்ததையும், ஆங்கிலேயக் கடற்படை 1795இல்தான் எலுமிச்சைச் சாற்றைப் பொதுவாக்கியதையும் படித்துச் சார் மயங்கிவிட்டார். அந்த நோய் வர மாதக்கணக்கில் கரை காணாமல் இருக்க வேண்டும். எங்கள் வரைபடத்தில் தூங்கி எழுந்தால் ஒரு துறைமுகம். பிறகு வைத்தியருக்கு என்ன வேலை? சண்டையில் காயம்பட்டவர்களைப் பார்க்கலாம், ஆனால் அது ஒரு பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருக்கும் வேலைதான்.

தச்சருக்கும் முதலில் அதே கதி. மரம் போடு, பொத்தான் அழுத்து, கோடு நிரம்பும்வரை காத்திரு. பிறகு மாற்றினார்கள்: தச்சர் கப்பலிலேயே இருந்து சண்டை நடக்கும்போது ஓட்டையை அடைக்க வேண்டும், முறிந்த மரத்துக்குக் கட்டை வைத்துக் கட்ட வேண்டும், எதை முதலில் பார்ப்பது என்று தீர்மானிக்க வேண்டும். சண்டையில் இது அருமை. ஆனால் சண்டைக்கு நடுவே உள்ள நீண்ட பயணத்தில் அவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. கரையில் இருக்கும் தச்சுப் பட்டறை பரவாயில்லை. மலபார் தேக்கு வாங்கி வைத்துக்கொண்டு பாய்மரத்துக்குத் தவிப்பவர்களிடம் சுஃப்ரன் கொடுத்திருக்கக்கூடிய விலை கேட்கலாம். தேக்கு, ஐரோப்பியர்களின் ஓக் மரத்தைவிட நெடுநாள் உழைக்கும் என்பதற்கு மோட் சரியான மதிப்புக் கொடுத்திருக்கிறது. 1817இல் பம்பாயில் தேக்கில் கட்டிய திருகோணமலை என்ற பெயர் கொண்ட போர்க்கப்பல் இங்கிலாந்தில் இன்னும் மிதக்கிறதே.

பர்சர், அதாவது கப்பலின் பண்டகசாலைக்காரர், யாரும் எதிர்பார்க்காத வெற்றி. ஆங்கிலேயக் கப்பல்களில் பர்சர் ஒரு பவுண்டுக்கு 16 அவுன்ஸ் வாங்கி மாலுமிகளுக்கு 14 அவுன்ஸாக அளந்து கொடுப்பார்; மீதி அவருக்கு. மோட்டில் இதைச் செய்ய அனுமதி உண்டு. எவ்வளவு குறைக்கிறார் என்பது கேப்டனுக்குத் தெரியாது, மாலுமிகளின் மனநிலை இறங்குவதை வைத்து ஊகிக்க வேண்டும். நிஜத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர்தான் எங்கள் பர்சர்.

"அண்ணாச்சி, அரிசி குறையுதே."

"கப்பல் ஆடுதுல்லா தம்பி. தராசும் ஆடத்தானே செய்யும்."

இதற்கு மேல் அவரிடம் என்ன கேட்பது?

கடைசியாகக் கொள்ளையர்கள். வணிகம் வந்தால் இவர்களும் வருவார்கள். அரசின் சீட்டு வாங்கி எதிரி நாட்டுச் சரக்குக் கப்பலைப் பிடிப்பது அக்காலத்தில் சட்டப்படியான தொழில். ஆனால் விளையாட்டில், புதிதாக வந்தவரின் முதல் தோணியை மூழ்கடித்துச் சிரிப்பவர்களால் ஒரு கட்டத்தில் ஆட்கள் குறையத் தொடங்கினார்கள். இதுதான் மோட்டின் மோசமான காலம். பாதுகாப்பு வட்டம், புதியவர்களுக்குக் கவசம் என்றெல்லாம் முயன்று பார்த்தார்கள். எதுவும் இயல்பாக ஒட்டவில்லை. கடைசியில் வேலை செய்தது மீட்புத் தொகை. கப்பலை மூழ்கடித்தால் கொள்ளையருக்கு ஒன்றும் கிடைக்காது. பிடித்து, பேரம் பேசி, தொகைக்குச் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டால் லாபம். அந்தக் காலத்தில் இது சாதாரண வழக்கம். பிரிட்டன் இதைச் சட்டம் போட்டுத் தடுத்ததும் இதே 1782இல்தான் என்பது சாரைக் கொஞ்சம் உறுத்துகிறது. எங்கள் கடலில் பிரெஞ்சுக்காரர்களும் டச்சுக்காரர்களும் இருக்கிறார்கள், சமாளித்துக்கொள்ளலாம். இப்போது கொள்ளையர்களுக்கு நீங்கள் பிழைத்திருப்பது முக்கியம், அடுத்த மாதமும் சரக்கோடு வர வேண்டுமே. காவலுக்குக் கப்பல் வாடகைக்கு விடுபவர்களும் பெருகிவிட்டார்கள். சண்டை மட்டுமே பிடிக்கும் ஆட்களுக்கு அது நல்ல வேலை.

தொழில்நுட்பம் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பழைய லேப்டாப்பில் ஓடுகிறது. துறைமுகத்தில் கப்பல்கள் கூடினால் மட்டும் திணறும். சர்வர் சாரின் வீட்டு மாடியில் இருப்பதால் ஆடிக் காற்றில் கரண்ட் போனால் கடலே நின்றுவிடும். கடைசியாகச் சேமித்த நிலைக்குத் திரும்பும்போது யாருடைய சரக்கு எங்கே இருந்தது என்று ஒரு பஞ்சாயத்து நடக்கும். எழுத்துகள் முழுக்கத் தமிழில் இருப்பது பெரிய நிம்மதி. கணக்குப் பக்கம் மட்டும் குழப்பம். பாக்கு அமணத்திலும் துணி கட்டிலும் வெடியுப்பு மணங்கிலும் வருகிறது, லாப நஷ்டம் பார்க்கத் தனியாக ஒரு நோட்டு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சண்டை முன்பைவிடக் குறைந்துவிட்டது என்று ஒரு குறை உண்டு. எண்ணிக்கையில் உண்மைதான். ஒரு ராத்திரி முழுக்க ஒரு குண்டுகூடச் சுடாமல் போவதும் உண்டு. தினமும் அடிதடி வேண்டுபவர்களுக்கு இந்த மோட் சரிப்படாது, அவர்கள் பழைய விளையாட்டையே ஆடலாம். எனக்கு இதுதான் வேண்டியிருந்தது. கப்பல் போனால் போனதுதான் என்றான பிறகு அடிவானத்தில் ஒரு பாய் தெரிந்தாலே தொலைநோக்கியை எடுத்துப் பார்க்கிறோம், கொடி எது, சரக்குக் கப்பலா, தண்ணீரில் எவ்வளவு தாழ்ந்து மிதக்கிறது என்று.

அடுத்த பதிப்பில் நெசவாளர்களுக்கு முன்பணம் கொடுத்துத் துணி வாங்கும் முறை வருகிறதாம். பயணத்தில் தச்சருக்கும் ஏதாவது வேலை கொடுக்கப் பார்க்கிறார்கள். பாக்கு விலையையும் குறைக்கப் போவதாக மச்சான் சொல்லியிருக்கிறார். கொழும்பில் பாக்கைக் குவித்து வைத்திருக்கும் இரண்டு பேர் அந்த அப்டேட்டை மட்டும் தை மாதம்வரை தள்ளிப்போடச் சொல்லி அவருக்கு டீ வாங்கிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.